அழுகிற பிள்ளைக்கு அறையா, ஆளா?

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். போன வருடக் கடைசியில் அவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் மனநலத்துக்கு ஏதாவது செய்யுங்கள், காசு நாங்கள் தருகிறோம், எதற்கென்று நீங்களே முடிவெடுங்கள் என்று. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபர் அதை வாசித்து முடிக்க முன்னமே பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஒரு றூம் கட்டுவம்" என்றார். இன்னொருவர், "கவுன்சிலர் ஒராளைப் போடுவம்" என்றார். பூந்தோட்டம் போடலாம் என்றார் மூன்றாமவர். நான்காவது ஆள், "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குச் செல்லம் கூடிப்போச்சு, அதான் பிரச்சின" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

நான் இருபத்தெட்டு வருடம் தரம் ஒன்றிலும் இரண்டிலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அந்தக் குற்றத்துக்காக, எது நல்லது என்று விசாரித்து எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதிக் கொடுத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையோ, மேற்கே படுவான்கரையோ, அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, திருக்கோவில் பக்கமோ, வேறு சங்கங்களுக்கும் இதே கேள்வி வரலாம்.

முதலில் இது யாருக்காக என்பதில் தெளிவு வேண்டும். தரம் ஒன்றுக்குப் புதிதாக வருபவர்களை வரவேற்கும் கால்கோள் விழா அன்று அநேகமாக எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. மாலை போடுகிறார்கள், பலூன் கொடுக்கிறார்கள், அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். இரண்டாம் நாள்தான் தொடங்கும். அம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் கேற்றடியில் நிற்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது இரண்டு மூன்று கிழமையில் தணிந்துவிடும். அதற்குக் காசும் வேண்டாம், கவுன்சிலரும் வேண்டாம். தணியாத பிள்ளைகள்தான் எங்கள் விஷயம். பாடசாலை நாளில் மட்டும் வயிற்றுக்குத்து வந்து சனிக்கிழமை சுகமாகிவிடும் பிள்ளை. வீட்டில் கிளி போலக் கதைத்துவிட்டு வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை நாள் தவறாமல் உடைக்கிற பிள்ளை. மழை இருட்டினால் மேசைக்குக் கீழே போய்விடுகிற பிள்ளை.

எங்கள் கரையில் அந்தக் கடைசிப் பிள்ளையை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் அள்ளுண்டுபோய், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் பலியானார்கள். இன்று தரம் ஒன்றில் இருக்கும் பிள்ளை இவற்றில் பலதைக் கண்டதில்லை. ஆனால் கண்டவர்களின் மடியில்தான் அது வளர்கிறது.

இருந்தாலும் பெரிய சம்பவங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். இலங்கையில் 427 இளவயதினரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. போரும் சுனாமியும் அவர்கள் மனதை வருத்தியதில் பெரும் பங்கு அன்றாடத் தொல்லைகளின் வழியாகவே போனது என்று அது காட்டியது. அவர்களின் சராசரி வயது பதினான்கரை, என் வகுப்புப் பிள்ளைகளைவிட மிகவும் மூத்தவர்கள். ஆனாலும் நான் வகுப்பில் கண்டதும் இதுதான். குடித்துவிட்டு வரும் அப்பா, நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்பது, படுவான்கரையில் யானைப் பயத்தோடு நடந்து வருவது, அம்மா வெளிநாட்டில், அடி. இதை மனதில் வைத்துக்கொண்டு தெரிவுகளைப் பார்ப்போம்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அழுகிற பிள்ளையை ஆற்றுவதற்கென்று இப்படி அறை உள்ள இரண்டு பாடசாலைகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் கதவு பூட்டிக் கிடந்தது, திறப்பு அதிபரின் அலுமாரிக்குள். மற்றதில் பாடநூல் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மூலையில் ஒரு கரடிப் பொம்மை வாங்கின பொலித்தீன் உறையோடேயே இருந்தது. கழற்றினால் ஊத்தையாகிவிடுமாம். அறைக்குக் காசு கொடுத்தவருக்கு அது திருப்தி, பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அழுகை வந்ததும் எழுந்து முற்றத்தைத் தாண்டி இன்னொரு கட்டடத்துக்குத் தனியாகப் போகாது. கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும், அங்கே இருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் அறை எதற்கு? வகுப்பின் மூலையில் ஒரு பன்பாய், இரண்டு தலையணை, ஒரு பழைய சேலையில் தைத்த திரை போதும். பிள்ளைக்கு அங்கிருந்து ரீச்சரின் முகம் தெரியும், ரீச்சருக்கும் பிள்ளை தெரியும். ஒன்று மட்டும் கவனம்: குழப்படி செய்தவரை அனுப்பும் இடமாக அந்த மூலை மாறக்கூடாது. மாறினால் ஒரு மாதத்தில் அதுவும் முழங்காலில் நிற்கிற இடம்போல் ஆகிவிடும்.

அடுத்தது, வெளியிலிருந்து ஓர் உளவளத்துணையாளரைக் கிழமைக்கு ஒரு நாள் வரவழைப்பது. இதற்குத்தான் கூட்டத்தில் கூடுதல் ஆதரவு. படித்தவர், பயிற்சி பெற்றவர், பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடலாம் என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். அவர் வருவது வியாழக்கிழமை, பிள்ளை உடைவது திங்கட்கிழமை. மூத்த மாணவர் போலக் கதிரையில் முன்னுக்கு இருந்து "எனக்கு இப்படி இருக்கு" என்று சொல்ல ஆறு வயதுக்குத் தெரியாது. அந்த வயது விளையாட்டில்தான் சொல்லும், அதுவும் பழகின ஆளிடம்தான். பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டால் ஊரில் ஒரு பெயர் விழும். "அந்தப் பிள்ளைக்கு மூளை சரியில்லையாம்" என்று பெத்தாவின் (பாட்டியின்) காதில் போட ஒரு நாள் போதும். மறுகா அந்த வீட்டிலிருந்து பிள்ளை வராது.

குறுகிய கால நிகழ்ச்சிகளிலும் கவனம் வேண்டும். வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளுக்கு, 5 கிழமையில் 15 மனநல அமர்வுகள் நடத்திப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. முரட்டு நடத்தை குறைந்தது, அதிலும் வயது குறைந்தவர்களிடம் கூடுதலாக. ஆனால் பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை, நிகழ்ச்சி கிடைக்காமல் காத்திருந்தவர்களே அதிர்ச்சி அறிகுறிகளில் அதிகம் தேறியிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் எல்லாருக்கும் நன்மை வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. சுனாமி முடிந்த மாதங்களில் தகரக் கொட்டிலில் வகுப்பு நடத்தினோம். கிழமைக்கு ஒரு குழு வரும், கடதாசியும் கலரும் கொடுத்துப் பிள்ளைகளைக் கீறச் சொல்லும். நான்காவது குழு வந்தபோது நான் கேட்காமலே ஒரு பொடியன் பெரிய நீல அலை கீறினான். "ஏன் மனே திரும்பவும் அலை?" என்றேன். "அலை கீறினாத்தான் ரீச்சர் பென்சில் பெட்டி குடுப்பாங்க" என்றான். அந்தப் படத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறதோ தெரியாது.

அதற்காக உளவளத்துணையாளர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில பிள்ளைகளுக்கு வகுப்பு ரீச்சரின் அன்பு போதாது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், செத்துப்போகப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், நன்றாகக் கதைத்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்து பல கிழமை நீடித்தால், அங்கே பயிற்சி பெற்ற ஆள் கட்டாயம். ஆனால் அந்த ஆளுக்குக் கனடாக் காசு தேவையில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. துஷ்பிரயோகச் சந்தேகம் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கம், மனநல ஆலோசனைக்கு 1926. இவை இலவசம். எங்களிடம் இல்லாதது, எந்தப் பிள்ளையை எப்போது அங்கே அனுப்புவது என்று கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண் நாள்தோறும் வகுப்பில் நிற்பவரிடம்தான் இருக்க முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். பல வீடுகளில் முதல் வைத்தியம் கோயில் பூசாரியிடம் நூல் கட்டுவது, அல்லது மௌலவியிடம் தண்ணீர் ஓதிக் குடிப்பது. நான் ஒருநாளும் அதைத் தடுத்ததில்லை. நூல் கட்டின கையை யாரோ அக்கறையோடு பிடித்திருக்கிறார்கள், பிள்ளைக்கு அதுவும் ஒரு தைரியம். "நூலையும் கட்டுங்க, கிளினிக்குக்கும் போங்க" என்றால் கேட்பார்கள். நூலைப் பழித்தால் இரண்டுக்கும் வரமாட்டார்கள்.

இனிப் பூந்தோட்டம். இதுதான் என் மனம் அதிகம் இழுபட்ட இடம், காரணம் எங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1996இல், சண்டை உச்சத்தில் இருந்தபோது, மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் முன்னின்று செய்தது. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். களிமண், வர்ணம், கதை, பாட்டு, மரங்கள், வளர்ப்புப் பிராணிகள். உள்ளூர் இளைஞர்கள் கூட இருந்து விளையாடுவார்கள். உனக்கு என்ன நடந்தது, சொல் என்று பிள்ளையை முன்னால் இருத்திக் கேட்கிற இடமல்ல அது. பிள்ளை தன் பாட்டில் ஒரு முதலையைக் களிமண்ணில் செய்யும், அந்த முதலை ஆரையோ விழுங்கும், அப்புறம் துப்பும். கதை அங்கே இருக்கும்.

இதைப் பாடசாலையில் கொண்டுவர முடியுமா? கிழமையில் ஒரு பின்னேரம் என்றால் முடியும். எங்களிடம் வேறு சொத்தும் இருக்கிறது. கோலடித்து வட்டமாக ஆடும் வசந்தன் கூத்தில் ஒரே தாளத்துக்கு இருபது பிள்ளைகள் கால் வைக்கிறார்கள். பதட்டமான பிள்ளைக்கு மூச்சும் காலும் ஒரு தாளத்தில் விழுந்தால் உடம்பு தணியும், இதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, கண்ணால் காணலாம். கிளித்தட்டு விளையாட்டு இருக்கிறது. ஊரில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் இன்னும் இருந்தால் அவருக்கு ஒரு கொடுப்பனவு கொடுப்பது எந்தப் பொம்மையைவிடவும் பெறுமதி.

இரண்டு தடைகள். ஒன்று, எங்கள் கைக்கு எது வந்தாலும் அதைப் போட்டியாக்கிவிடுவோம். வசந்தன் தொடங்கினால் ஆறு மாதத்தில் தமிழ்த் தினப் போட்டிக்குப் பழக்கம் நடக்கும், கால் தப்பின பிள்ளையை வெளியே எடுப்பார்கள். எந்தப் பிள்ளைக்காகத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும். இரண்டு, தரம் நான்கும் ஐந்தும் வராது. புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு, ரியூசன், மொடல் பேப்பர். அந்தப் பிள்ளைகளின் பதட்டத்துக்கு ஒரு பெரிய காரணமே அந்தப் பரீட்சைதான் என்பது வேறு கதை, அதை எங்கள் சங்கம் தீர்க்க முடியாது. ஆகவே பூந்தோட்டமும் வசந்தனும் நல்லதுதான், ஆனால் முதலாவதாக அல்ல. கிழமையில் ஒரு பின்னேரம் பிள்ளையைத் திறந்துவிட்டு, மற்ற நாலரை நாளும் வகுப்பில் அதே அதட்டல் என்றால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆகவே கடைசியில் வகுப்பு ரீச்சரிடம்தான் வந்து நிற்கிறோம். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பாடசாலைகளில் உணர்ச்சித் திறன்களை வளர்க்க நடந்த 213 திட்டங்களை, மொத்தம் இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோடு, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பெரும்பாலும் அமெரிக்கப் பாடசாலைகள், அதை மறக்க வேண்டாம். வெளியார் நடத்தியதைவிட வகுப்பு ஆசிரியர் நடத்தியவை கூடுதல் விஷயங்களில் பலன் தந்தன. பாடத்தில் புள்ளி கூடியதும் பாடசாலை ஆட்களே நடத்தின இடங்களில்தான். புள்ளி என்றதும் எங்கள் பெற்றார் காது கொடுப்பார்கள் என்பதால் இதைக் கூட்டத்தில் இரண்டு தரம் சொன்னேன்.

ரீச்சர் என்ன செய்ய வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு வட்டமாகப் பாயில் இருந்து பத்து நிமிடம். இன்றைக்கு மனசு எப்படி என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் "நல்லம் ரீச்சர்" என்றுதான் கத்துவார்கள். நான் வானத்தைக் கேட்பேன்: "உன்ர வானம் இண்டைக்கு எப்படி? வெயிலா, மூட்டமா, மழையா, இடியா?" இடி என்று சொன்ன பிள்ளையிடம் அந்த இடத்தில் காரணம் கேட்பதில்லை. இடைவேளையில் அதன் பக்கத்தில் போய் இருந்து சாப்பிடுவேன். அவ்வளவுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். தரம் இரண்டில் ஒரு பெண் பிள்ளை, அம்மா குவைத்தில், அம்மம்மாவோடு இருக்கிறது. கிழமையில் மூன்று நான்கு நாள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு கிடக்கும், எழுப்பினால் அழும். சோகம், பிரிவுத் துயரம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தோம். ஒருநாள் அம்மம்மாவிடம் இருந்து கதைத்தபோதுதான் விளங்கியது. அம்மா வேலை முடிந்து கோல் எடுப்பது அங்கே இரவு எட்டரைக்கு. எங்களுக்கு அது பதினொரு மணி. பிள்ளை தூங்காமல் காத்திருக்கும், கதைத்து முடித்ததும் அழும், நித்திரை ஒரு மணிக்கு. அம்மாவோடு நானே கதைத்தேன். வீடியோக் கோலைச் சனிக்கிழமைக்கு மாற்றி, மற்ற நாளில் பிள்ளை பாடசாலைக்கு வெளிக்கிடும்போது கேட்கிற மாதிரி ஒரு குரல் செய்தி அனுப்பச் சொன்னேன். பிரிவு போகவில்லை, எப்படிப் போகும். ஆனால் தலை மேசையிலிருந்து எழும்பியது. எந்த அறையும் எந்த அமர்வும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

சரி, ரீச்சர்தான் என்றால் ரீச்சருக்குப் பயிற்சி வைத்து முடித்துவிடலாமே? ஒருநாள் செயலமர்வுகள் எத்தனைக்கோ போயிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுப் பார்சல் நினைவிருக்கிறது, சொன்னது நினைவில்லை. தடை அறிவில் இல்லை, நேரத்தில். முப்பத்தைந்து பிள்ளைகள், தேர்ச்சிப் பதிவு, வரவுப் பதிவு, சுற்றறிக்கை, தண்ணீர்ப் போத்தல் சிந்தினது, பல் விழுந்தது. பலர் தூர ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், முதல் மணி அடிக்கும்போதே களைத்துப்போனவர்கள். அவர்களுக்கும் சொந்தச் சுமை இருக்கிறது. சுனாமியில் தன் பிள்ளையைக் கொடுத்த ஒரு ரீச்சர் அடுத்த மாதமே மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் காட்டினதை நான் பார்த்தேன். இன்னும் பத்து நிமிடம் அன்பாக இருங்கள் என்று அவரிடம் போய்ப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

பிரம்பையும் பேசத்தான் வேண்டும். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொன்னது, 2016இல் அதைத் திரும்பவும் சொன்னார்கள். இன்னும் சில மேசைகளில் பிரம்பு இருக்கிறது. அடிக்க அல்ல, பயம் காட்ட என்பார்கள். பிரம்பு கிடக்கிற வகுப்பில் சிரித்த முகம், அழுத முகம் என்று அட்டை ஒட்டுவதில் பயனில்லை. பிள்ளை அட்டையைப் பார்க்காது, பிரம்பைத்தான் பார்க்கும். எந்தத் தெரிவுக்கும் காசு போட முன்னம் அது மேசையிலிருந்து போகட்டும் என்று அதிபரிடம் நிபந்தனையாகவே எழுதிக் கொடுத்தேன். சிலருக்கு முகம் சுருங்கியது.

நான் எழுதிக் கொடுத்த முடிவு இது. காசில் பெரும் பகுதி ஓர் ஆளுக்கு. தரம் ஒன்றுக்கும் இரண்டுக்குமாக, ஊரிலிருந்தே ஓர் உதவியாளர், காலை முதல் இடைவேளை முடியும் வரை. தண்ணீர்ப் போத்தலையும் மலசலகூடத்தையும் வரவுப் பதிவையும் அவர் பார்ப்பார், ரீச்சர் பாயில் இருப்பார். ஒரு பிள்ளை உடைந்தால் ஒருவர் வகுப்பைப் பார்க்க, மற்றவர் அந்தப் பிள்ளையோடு மூலையில் இருக்கலாம். இரண்டாவது, பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரை மாதம் ஒருமுறை அழைப்பது, பிள்ளைகளைப் பார்க்க அல்ல, ரீச்சர்மாரோடு ஒரு மணித்தியாலம் இருக்க. இந்தப் பிள்ளை இப்படிச் செய்கிறது, நான் என்ன செய்யலாம், இவரை அனுப்ப வேண்டுமா என்று கேட்க. ரீச்சர் தன் மனப்பாரத்தையும் அங்கே கொஞ்சம் இறக்கிவைக்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு வகுப்புக்கும் பாயும் தலையணையும். மீதி இருந்தால் அண்ணாவியாருக்கு, போட்டி இல்லை என்ற ஒப்பந்தத்தோடு.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. உதவியாளரை ஒரு வருடத்துக்குப் போட்டு நிறுத்தினால், அம்மா போன பிள்ளைக்கு இன்னொரு ஆளும் போய்விடுவார். அது ஒன்றும் செய்யாமல் விட்டதைவிட மோசம். ஆகவே இரண்டு வருடத்துக்குக் காசு கையில் வந்தால் மட்டும் தொடங்குவது, பாதியில் விட நேர்ந்தால் தவணை முடிவில், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, விடைபெற வைத்து அனுப்புவது என்று எழுதினேன்.

கூட்டத்தில் கைதூக்கி ஏற்றுக்கொண்டார்கள், தேநீர் குடிக்கப் போனவரும் திரும்பி வந்து கைதூக்கினார். ரொறன்ரோவிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: "ரீச்சர், திறப்பு விழாவுக்கு என்ன இருக்கு?" பன்பாய் இருக்கிறது என்று பதில் போட்டிருக்கிறேன். இரண்டாம் வருடக் கொடுப்பனவு எப்போது வரும் என்றும் அதிலேயே கேட்டிருக்கிறேன். நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.